ராசா கை கழுவும் சிறுத்தை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஜேசுரட்ணம். டோர்ட்மண்டில் பொதிகள் பிரிக்கும் கொட்டகையில் என்னோடு இரவு வேலை செய்பவர். பொதிகள் ஓடிவரும் பட்டி பழுதுபட்டு நிற்கும்போதெல்லாம் அவருடைய வாய் ஓடத் தொடங்கும். அவர் சொன்னதில் பாதி பொய். மீதியில் நான் கை வைத்திருக்கிறேன். உண்மைக் கதைதான் வேண்டும் என்பவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே அலுமாரி அலுமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் கையெழுத்தும் உண்டு.

கதையில் வருவது சில அகதிகளும் ஒரு பித்தளைச் சிறுத்தையும்.

[சிறுத்தை என்றதும் உங்களில் சிலருக்கு முதுகு நிமிர்ந்திருக்கும். சிலருக்கு எழுந்து கதவைச் சாத்தத் தோன்றியிருக்கும். இரண்டும் வேண்டாம். இது புள்ளி போட்ட மிருகம், கோடு போட்டதல்ல. இந்த வருடங்களில் தமிழில் எழுதுகிறவன் ஒரு பூனையைக்கூட நிம்மதியாகக் கதைக்குள் விட முடிவதில்லை. அது எந்த இயக்கத்துப் பூனை என்று கேட்கிறார்கள்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சிறுத்தையின் மூக்கிலிருந்து பால் வழிந்த அந்த ஆடி வெள்ளியில் யோகலிங்கம் மட்டும்

விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கினால் பால் எப்படி வழிந்தது என்பதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதில் ஒரு மர்மமும் இல்லை. அடுத்த பகுதியிலேயே சொல்லிவிடப் போகிறேன்.

பிறகு இப்படி:

மேற்கு ஆபிரிக்க அரசவைகளின் உலோகச் சிற்பங்களில் விலங்குகள் அதிகாரத்தின் குறியீடுகளாக

இது அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டும் அட்டை. சிறுத்தை: வலிமை. மலைப்பாம்பு: தண்டனை. சேற்றுமீன்: இரண்டு உலகம். சந்தையில் மரக்கறிக் கூடைகளில் பெயர் செருகி வைப்பதுபோல மிருகத்துக்கு ஒரு சொல். வாசித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு கோப்பி குடிக்கப் போகலாம்.

மூன்றாவது: யோகலிங்கம் நல்லவர்.

அடித்துவிட்டேன். யோகலிங்கம் பயந்தவர். பயந்தவர்களை நல்லவர்கள் என்று எழுதி ஒப்பேற்றுவது நம் எழுத்தாளர்களின் பழக்கம். ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை. இவரைத்தான் வைத்து ஓட்டவேண்டும்.

3

யோகலிங்கம் எல்லோரையும் போல கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, விண்ணப்பம் கொடுத்து, டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் ஊரின் ஹைமில் போடப்பட்டார். ஹைம் என்றால் அகதி விடுதி. முன்பு சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த கட்டடம். அறையில் இன்னொருவன் இருந்தான். ஒசாரோ. நைஜீரியாவில் பெனின் என்ற பழைய அரண்மனை நகரத்துக்காரன்.

இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன். உடைசலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒசாரோ வாயாடி. தன் மாமன் அரண்மனையில் இருந்தார் என்றான். என்ன வேலை என்று கேட்டால் நாளுக்கொன்று சொன்னான். வந்த அன்றே பையைத் திறந்து, சட்டையில் சுற்றியிருந்த ஒரு பித்தளைச் சிறுத்தையை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு முழ நீளம். உடம்பெல்லாம் உளியால் குத்திய வட்டப் புள்ளிகள். இலையைப் போலக் காது. தலை உச்சியில் கீல் வைத்த சின்ன மூடி. மூடியைத் திறந்து மேசையில் இருந்த கோக்கை உள்ளே ஊற்றினான்.

"கையை நீட்டு. இன்றைக்கு நீதான் ராசா."

யோகலிங்கம் நீட்டினார். ஒசாரோ சிறுத்தையைச் சரித்தான். அதன் இரண்டு மூக்குத் துளைகளாலும் கோக் வழிந்து அவருடைய கையெல்லாம் பிசுபிசுத்தது. அது ஒரு செம்பு. அரசன் கை கழுவுவதற்கு. அவ்வளவுதான். மர்மம் தீர்ந்தது, மேலே போவோம்.

"ராசாவுக்கு ஏன் சிறுத்தை?"

"சிறுத்தை காட்டுக்கு ராசா. எங்கள் ராசா ஊருக்கு ராசா. இரண்டும் ஒன்று."

அடுத்த கிழமை அவனே வேறு கதை சொன்னான். வேட்டைக்காரர் உயிரோடு பிடித்துவரும் சிறுத்தைகளை அரண்மனையில் வளர்த்து, ஊர்வலத்தில் சங்கிலியோடு நடத்திப் போவார்களாம், அரசன் சிறுத்தைக்கும் மேலே என்று சனங்களுக்குக் காட்ட.

"ஒன்றா, மேலா? ஒரு பக்கம் நில்," என்றார் யோகலிங்கம்.

"அது அன்றைக்கு ராசாவுக்கு எது தேவையோ அதைப் பொறுத்தது."

இந்த ஒரு வசனத்துக்காகவே ஒசாரோவை நான் கதையில் வைத்திருக்கிறேன். அருங்காட்சியகத்து அட்டைக்காரர் யாரும் இவ்வளவு நேர்மையாக எழுதியதில்லை. போர்த்தலைவர்கள் இடுப்பில் சிறுத்தைமுகப் பதக்கம் கட்டினார்களாம். அதைக் கட்டியவன் அரசனின் பெயரில் உயிர் எடுக்கலாம். ஒரு பறவையும் உண்டு. போருக்குப் போன அரசனிடம் 'தோற்பாய்' என்று கத்தியதாம். அரசன் அதைக் கொல்லச்சொல்லிவிட்டுப் போய் வென்றான். பிறகு அந்தப் பறவையைப் பித்தளையில் வார்த்து, திருவிழாவில் பிரபுக்கள் அதன் அலகில் தட்டித் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு போவார்கள்.

[எச்சரித்தவனை ஏளனம் செய்வதற்கென்றே ஒரு வாத்தியம். நம்மவர்கள் இவ்வளவு செலவு செய்வதில்லை. மின்கம்பத்தில் கட்டிச் சுடுவதோடு முடித்துவிடுகிறார்கள்.]

இனி முக்கியமான விஷயம். இந்தச் செம்பை அரண்மனைக்கு வெளியே யாரும் வைத்திருக்கக்கூடாது, மாமன் எனக்குத் தந்தார், அதனால் என்னைத் துரத்தினார்கள் என்பதுதான் ஒசாரோவின் அகதி வழக்கு. முதல் விசாரணையில் நம்பவில்லை. மேல்முறையீடு செய்திருந்தான். சிறுத்தை ஒன்றுதான் சாட்சி, பத்திரமாக வைத்திரு என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் அவனை வேறு ஊர் ஹைமுக்கு மாற்றினார்கள். அங்கே அறைகளுக்குப் பூட்டில்லை.

"நீதிமன்றத் தெர்மின், விசாரணை நாள், வரும்வரை இதை வைத்திரு. உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது," என்றான் ஒசாரோ.

யோகலிங்கம் சிறுத்தையைக் கட்டிலுக்குக் கீழே சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

[அவன் சொன்னது உண்மையா என்று ஜேசுரட்ணத்திடம் கேட்டேன். "தம்பி, நீர் உம்மட கேசில உண்மையே சொன்னனீர்?" என்றார். பட்டி ஓடத் தொடங்கியது. பொதி எடுக்கப் போய்விட்டேன்.]

4

அந்த ஊரில் நித்தியானந்தன் என்று ஒருவர் இருந்தார். நமக்கு முன்பே படிக்க வந்தவர், டொச், அதுதான் ஜெர்மன் மொழி, தெரிந்தவர். அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தமிழருக்கு மொழிபெயர்ப்பவர் அவர்தான். நிலவறையில் தொடங்கிய அம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவர்தான். ஐயர் கிடைக்காததால் பூசை செய்தவரும் அவர்தான். இப்படி மூன்று பதவியையும் ஓர் ஆளுக்குக் கொடுத்தால் வாசகர் நம்பமாட்டார் என்று ஒன்றைக் குறைக்கப் பார்த்தேன். ஊரில் அப்படித்தான் இருந்தது. என்ன செய்ய.

கோயிலில் சிலை இல்லை. சட்டம் போட்ட அம்மன் படம் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் கடதாசி. படத்துக்கு அபிஷேகம் செய்ய முடியாது, ஊறிப்போகும். ஆடி மாதம் வருகிறது, பாலும் தயிரும் மஞ்சளும் வாங்கியாகிவிட்டது, ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கவலையோடுதான் நித்தியானந்தனின் மனைவி கலாதேவி ஹைமுக்குப் பொங்கல் கொண்டுவந்தார். கட்டிலுக்குக் கீழே கண் போனது.

"இதென்ன யோகு, அம்மன்ர வாகனத்தைச் சப்பாத்தோட வைச்சிருக்கிறீர்?"

"அது வாகனம் இல்லை அக்கா. ஒரு கூட்டாளியின்ர."

"ஆர் அந்தக் கறுவலோ? அவனுக்கேன் வாகனம்? அவங்கட ஊரில அம்மன் இருக்கிறாவே?"

[அவரும் வெள்ளைக்காரர் கடையில் அதே வசைப்பெயரை வாங்கிக்கொண்டு வந்தவர்தான். வாங்கியதை அப்படியே கைமாற்றிவிடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.]

"அம்மனுக்குச் சிங்கமெல்லோ அக்கா," என்றார் யோகலிங்கம், கடைசி முயற்சியாக.

"சிங்கமாம். சிங்கக்கொடிக்காரருக்குப் பயந்து ஓடித்தானே இஞ்ச வந்து கிடக்கிறம். பேசாமல் தூக்கும். இவரும் நேற்று உம்மட கேசைப் பற்றித்தான் கதைச்சவர்."

கடைசி வசனத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யோகலிங்கத்தின் மேல்முறையீடும் நிலுவையில் இருந்தது. அதில் மொழிபெயர்க்கப் போகிறவரும் நித்தியானந்தன்.

"ஓம் அக்கா," என்றார் யோகலிங்கம்.

ஆடி முதல் வெள்ளி, படத்தை மேலே மாட்டி, கீழே சிறுத்தையை வைத்து, அம்மனுக்கு ஊற்றவேண்டிய எல்லாவற்றையும் சிறுத்தைக்கு ஊற்றினார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் குங்குமப் பொட்டு. பால் தலை மூடியின் இடுக்கால் உள்ளே போனது. வயிறு நிரம்பியது. மூக்கு மட்டத்துக்கு ஏறியதும் இரண்டு துளைகளாலும் வழிந்தது.

முதலில் ஒரு பெண் அழுதார். பிறகு எல்லோரும் அழுதார்கள். அடுத்த வெள்ளிக்குப் பக்கத்து நகரங்களான போஹுமிலிருந்தும் ஹாகனிலிருந்தும் சனம் வந்தது. நிலவறைப் படிக்கட்டில் போத்தல் பாலோடு வரிசை நின்றது. அறிவியல் படித்த இரண்டு பேர் வந்து, விரலால் தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

யோகலிங்கம் பின்னால் நின்று கும்பிட்டார். கோக் ஊற்றினாலும் வரும் என்று அவருக்குத் தெரியும்.

5

ஒசாரோ அறிவிக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். தெர்மின் வந்துவிட்டது. ஹைமில் ஆளில்லாததால் சனம் போன திசையில் வந்து, நிலவறைப் படியிறங்கி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் கழற்றி, பின் வரிசையில் நின்றான். மஞ்சள் நீரில் குளித்துக்கொண்டிருந்த தன் வழக்கைப் பார்த்தான். கலாதேவி கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் யோகலிங்கத்தின் காதருகில் குனிந்தான்.

"எங்கள் ராசா அதில் கை கழுவினார். நீங்கள் அதையே கழுவுகிறீர்கள்."

"மெல்லப் பேசு."

"எனக்கு அது செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் வேண்டும். நீதான் வாங்கினாய். நீதான் தரவேண்டும்."

யோகலிங்கம் அன்று மாலையே நித்தியானந்தனின் வீட்டுக்குப் போனார்.

[இந்த இடத்தில் கதையை முடிக்க எல்லோருக்கும் தெரியும். ஒன்று: யோகலிங்கம் சபையில் எழுந்து நின்று, மூடியைத் திறந்து காட்டி, மூடநம்பிக்கையை ஒழிக்கிறார். முற்போக்கு. எழுதிப் பார்த்தேன், இரண்டாம் வரியிலேயே அவர் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். இரண்டு: கோயில் பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார். பூட்டை உடைக்கிற ஆளாக இருந்தால் கட்டிலுக்குக் கீழே இருந்தபோதே அதைத் தூக்கிக் கொடுத்திருக்கமாட்டார். மூன்று: நித்தியானந்தன் மனம் திருந்துகிறார். ஒரு மனிதனை நாலு வரியில் திருத்துகிற எழுத்தாளரை வீட்டுக்குள் விடக்கூடாது.]

"அண்ணை, அந்தச் சாமானை அவனிட்டைக் குடுக்க வேணும்."

"வாகனத்தைச் சாமான் எண்டு சொல்லாதையும்."

"அதின்ர தலையில மூடி இருக்கண்ணை. பால் உள்ளுக்குப் போய் நிரம்பித்தான் மூக்கால..."

"எனக்குத் தெரியாது எண்டு நினைச்சீரோ?" நித்தியானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனம் போனாப்போல கழுவி வைக்கிறது நான். புளிச்ச மணம் போகவேணும் எண்டு மூக்குக்குள்ள ஈர்க்கு விட்டுக் கழுவுறனான்."

"அப்ப ஏன் அண்ணை?"

"போன மாசம் உம்மட ஹைமில என்ன நடந்தது? அந்த இயக்கம் இந்த இயக்கம் எண்டு கத்தி எடுத்தவங்கள். அதே பெடியள் இப்ப ஒரே வரிசையில பால்போத்தலோட நிக்கிறாங்கள். நான் மூடியைப் பற்றிக் கதைச்சால் நாளைக்கு ஆர் நிப்பான்?"

செவ்வாய் ஒருநாள் மட்டும் என்று கேட்டார் யோகலிங்கம். இந்த மனிதரை முழு அயோக்கியனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கதையைக் கெடுக்கிறார்.

"சரி. செவ்வாய் கொண்டுபோம். வெள்ளிக்கு முன்னம் அது இருந்த இடத்தில இருக்கவேணும்." வாசல் வரை வந்தார். "உம்மட கேஸ் எந்த மட்டில நிக்குது?"

"நீங்கள்தானே அண்ணை வாறியள்."

"ஓம். நான்தான்."

மனைவியிடம், யோகுவின் வழக்கு வெல்ல வாகனம் ஒருநாள் நீதிமன்றம் போகிறது என்று மட்டும் சொன்னார் நித்தியானந்தன். வேறு எதைச் சொன்னாலும் அவர் விட்டிருக்கமாட்டார். ஆனால் கலாதேவி அத்தோடு நிற்கிற ஆள் இல்லை.

"நீதவானுக்கு முன்னால போற வாகனம் வெறும் நெத்தியோட போறதோ?" என்று, புள்ளி புள்ளியாகப் புதிதாக மஞ்சளும் குங்குமமும் அப்பி, சிவப்புத் துணியில் சுற்றிக் கொடுத்தார். துடைத்தால் வழக்கு தோற்றுவிடும், கை வைக்காதே என்று யோகலிங்கத்திடம் சத்தியமும் வாங்கினார்.

6

காரோட்டியது ஜேசுரட்ணம். அதனால்தான் கதை அவரிடம் இருக்கிறது. அவர் நீதிமன்ற மண்டபத்தின் கடைசி வாங்குப்பலகையில், யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தார். ஒசாரோவின் ஆங்கிலத்தை மொழிபெயர்க்க ஒரு டொச்சுப் பெண் வந்திருந்தார். நீதிமன்றம் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து நிபுணர் ஒருவரையும் அழைத்திருந்தது.

[அவருடைய அருங்காட்சியகத்தில் இதே அரண்மனையின் சிறுத்தையும் மீனும் பறவையும் பெட்டி பெட்டியாக இருந்தன. போன நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரப் படை அரண்மனையைக் கொளுத்தி அள்ளியது, இங்கே வாங்கி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றிடமாவது, எந்த வழியாக வந்தாய், ஏன் முதல் நாட்டிலேயே நிற்கவில்லை என்று யாரும் விசாரணை வைத்ததில்லை. வந்தவுடனேயே நிரந்தர வதிவிடம்.]

நிபுணர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சிவப்புத் துணியை அவிழ்த்தார். மூக்கைச் சுளித்தார். ஒரு புள்ளியைச் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தார். வார்ப்பு நல்ல வார்ப்புத்தான், வயதை இங்கேயே சொல்ல முடியாது என்றார். ஆனால் இந்தச் சிவப்பும் மஞ்சளும் பெனின் பலிபீடங்களில் காணாத பொடி. புதியது. பூசியவர், பொருள் வழிபாட்டில் இருந்ததுபோலக் காட்ட விரும்பியிருக்கிறார். உள்ளே பழுதான பாலின் மணம்.

நீதிபதி ஒசாரோவைப் பார்த்துக் கேட்டார். சாட்சியை அலங்கரித்துக் கொண்டுவந்தீர்களா?

நாளுக்கொரு கதை சொல்லும் ஒசாரோவிடம் அன்று ஒரு கதையும் இல்லை. அவன் திரும்பி, கடைசி வாங்கைக் காட்டினான்.

"அவரிடம் கேளுங்கள். இவ்வளவு காலமும் அவரிடம்தான் இருந்தது."

யோகலிங்கம் எழுந்தார். டொச் இல்லை. இருந்த ஆங்கிலமும் அந்த நேரத்தில் இல்லை. நீதிபதி எழுத்தரோடு குசுகுசுத்தார். வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. சிறுத்தை நீதிமன்றத்திலேயே இருக்கட்டும். இந்தச் சாட்சிக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படுவார்.

அந்த வட்டாரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நடைபாதையில் ஒசாரோ சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். "உன் தெய்வம் என்னை மாட்டிவிட்டது," என்றான். "நீ சொன்னால் தப்புவேன். சொல்லாவிட்டால் நான் மோசடிக்காரன், விமானத்தில் ஏற்றுவார்கள். சொல்லுவாயா?"

யோகலிங்கம் தலையை ஆட்டினார். அது ஆமாவா, இல்லையா என்று ஒசாரோவுக்கு விளங்கவில்லை. யோகலிங்கத்துக்கும் விளங்கியிருக்காது.

7

வெள்ளிக்கிழமை சனம் வந்து, வாகனம் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டுப் பாலோடு திரும்பிப் போனது. ஞாயிறு பகல் நித்தியானந்தன் ஹைமுக்கு வந்தார். முதல் தடவை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொல்லப் போறீர்?"

"தெரியாதண்ணை."

"உண்மையைச் சொன்னால் பேப்பர்காரனும் எழுதுவான். தமிழர் கை கழுவுற கூசாவைக் கும்பிட்டவை எண்டு. கலா அதுக்குப் பிறகு வெளியில வரமாட்டா."

"சொல்லாட்டி அவனை அனுப்பிப் போடுவாங்கள் அண்ணை."

"அவன் சொன்னதே பொய்யோ தெரியாது."

"என்ர கேசிலயும் பொய் இருக்கண்ணை. நீங்கள்தானே மொழிபெயர்த்தியள்."

இப்படி ஒரு வசனம் யோகலிங்கத்திடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நித்தியானந்தனும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"நீர் விரும்பினதைச் சொல்லும். அதை டொச்சில சொல்லப்போறது நான். அதையும் யோசியும்."

8

அடுத்த தெர்மினில் சிறுத்தை நீதிபதியின் மேசையில் இருந்தது. யாரும் துடைக்கவில்லை. குங்குமம் காய்ந்து மேசைத்தாளில் உதிர்ந்திருந்தது. ஒசாரோ ஒரு பக்கம். நடுவில் யோகலிங்கம். அவருக்குப் பக்கத்தில், எல்லாத் தமிழர் வழக்குகளிலும் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, நித்தியானந்தன்.

யோகலிங்கம் நீதிபதியைப் பார்க்கவில்லை. நித்தியானந்தனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஜேசுரட்ணம் சத்தியம் செய்யும் ஒரே பகுதி இது:

"அது அவரின்ர ராசா கை கழுவுற செம்பு ஐயா. அவர் என்னை நம்பித்தான் வைச்சவர். நாங்கள் சாமி எண்டு எடுத்துவைச்சுப் பால் ஊத்தினனாங்கள். மஞ்சளும் குங்குமமும் எங்கட. பால் மூக்கால வரும் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். பயத்தில சொல்லேல்லை. அவர் ஒண்டும் செய்யேல்லை."

பயந்தவர் என்று எழுதியதை இனிப் போய்த் திருத்தமாட்டேன்.

அந்த மண்டபத்தில் அவர் சொன்னது விளங்கியவர்கள் இருவர். ஒருவர் கார் ஓட்டிவந்தவர். அவரை யாரும் கேட்கப்போவதில்லை. மற்றவர் நித்தியானந்தன். நீதிபதி பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். ஒசாரோவும் திரும்பினான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஜேசுரட்ணம் எனக்குச் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. எழுதினால், நித்தியானந்தன் உள்ளபடி சொன்னார் என்றால் கண் கலங்கிவிட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். மாற்றிச் சொன்னார் என்றால் அவரைத் திட்டிவிட்டு மூடுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. உங்கள் கடவுச்சீட்டு அலுமாரியில் இருக்கிறது, உங்கள் மனைவி நாளைக்கும் தெருவில் நடப்பார், பால்போத்தலோடு நிற்கும் பெடியன்கள் உங்கள் ஹைமில் இல்லை. உண்மையைச் சொல்லவேண்டியதுதானே என்று இவ்வளவு லேசாக உங்களுக்கு வருவது அதனால்தான்.

ஆகவே எழுந்து வாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு, யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கு விளங்கியது. நீதிபதி காத்திருக்கிறார். மொழிபெயருங்கள்.